பந்தயத்துக்கு முன் நிற்கும் குதிரைகள்
எட்கர் டெகாவின் பாஸ்டல் ஓவியங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

குதிரை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவது ஓட்டம். படைக்கு முன்னே பாய்வது, தேரை இழுப்பது, புழுதி கிளப்பிச் செல்வது என்று விரைவோடு சேர்த்தே அதனை எண்ணிப் பழகியிருக்கிறோம். ஐரோப்பிய ஓவியர்களும் பல நூற்றாண்டுகளாக அவ்வாறே எண்ணினர். மன்னனையும் தளபதியையும் முன்னங்கால் தூக்கிய குதிரைமீது ஏற்றி வைத்தனர். இந்த மரபில் பிறந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் குதிரையை வரைந்து, ஆயினும் அதனைப் பெரும்பாலும் ஓடவிடாமல் நிறுத்தியே வைத்த ஓவியர் ஒருவர் உண்டு. அவரே பிரெஞ்சு நாட்டு எட்கர் டெகா (1834–1917).

டெகாவை உலகம் நடனப் பெண்களின் ஓவியர் என்றே அறியும். அவருடைய பந்தயக் குதிரைகளை அந்த நடன ஓவியங்களின் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் துணைப்பொருளாகவே பலரும் கருதுகின்றனர். இக்கருத்து முழுதும் சரியன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். குதிரைகளை நன்கு நோக்கினால், டெகா எதை உண்மை என்று கொண்டார் என்பது நடன ஓவியங்களைவிடத் தெளிவாகப் புலப்படும்.

தொடங்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஓவியம் கற்றவனல்லன். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். டெகாவின் மூல ஓவியம் எதனையும் நேரில் கண்டதில்லை. நூலகத்துப் பெரிய நூல்களிலும் அருங்காட்சியகங்கள் வெளியிட்ட படங்களிலும் கண்டதை வைத்தே பேசுகிறேன். எனினும், அவர் குதிரையைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது நூலன்று. வடநாட்டில் குடியேறிய நம் குடும்பத்தார் அனைவரும் கண்டிருக்கக்கூடிய ஒரு காட்சியே அது. திருமண ஊர்வலம் புறப்படுமுன், வாடகைக்கு வந்த வெள்ளைக் குதிரை சரிகைப் போர்வை பூண்டு தெருவோரத்தில் நிற்கும். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. வாத்தியக்காரர் தேநீர் அருந்துகின்றனர். குதிரை ஒரு காலின் பாரத்தை மறு காலுக்கு மாற்றிக்கொண்டு காத்திருக்கும். டெகாவின் படங்களை முதன்முதல் கண்டபோது, இக்குதிரையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியதற்கு அதுதான் காரணம்.

வங்கிக்காரர் மகன்

டெகா பாரிஸ் நகரத்தில் செல்வமுள்ள வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தைவழி நேப்பிள்ஸ் நகரத்தோடும், தாய்வழி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தோடும் தொடர்புடைய குடும்பம். பதின்மூன்று வயதில் தாயை இழந்தார். சட்டம் பயிலச் சேர்ந்து, அதனை விட்டு ஓவியத்துக்கு வந்தார். முதுபெரும் ஓவியரான ஆங்க்ர் அவரிடம் கோடுகளை வரை, மேலும் மேலும் கோடுகளை வரை என்ற பொருள்பட அறிவுரை கூறினார் என்பர். அந்த அறிவுரையை டெகா இறுதிவரை மறக்கவில்லை.

குதிரைகள் அவர் வாழ்வில் நுழைந்தது 1861-ஆம் ஆண்டளவில். பள்ளித் தோழரான பால் வால்பின்சோனின் நார்மண்டிப் பண்ணை வீட்டுக்குச் சென்றபோது, குதிரை வளர்ப்புக்குப் பேர்போன அந்த வட்டாரத்தைக் கண்டார். பாரிஸுக்கு அருகே லோங்ஷாம் பந்தயத்திடல் 1857-இல்தான் திறக்கப்பட்டிருந்தது. ஆங்கிலேயர் பாணியில் பந்தயம் பார்ப்பது பாரிஸ் செல்வருக்குப் புதிய நாகரிகமாயிற்று. 1862-இல் தொடங்கிய ‘கனவான்களின் பந்தயம்: புறப்படுமுன்’ என்ற ஓவியத்தை டெகா 1882-இல் மீண்டும் எடுத்துத் திருத்தினார். ஒரு படத்தை இருபதாண்டு கழித்துத் திருத்துவது அவருக்கு விந்தையன்று. அது அவர் வழக்கம். படத்தின் பெயரிலேயே அவருடைய வாழ்நாள் பொருள் அடங்கிவிட்டது: புறப்படுமுன்.

1869-இல் வரைந்து, இன்று பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ள ‘நாட்டுப்புறப் பந்தயத்தில்’ என்னும் சிறு ஓவியம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வால்பின்சோன் குடும்பத்தார் வண்டியில் அமர்ந்திருக்கின்றனர். செவிலியின் மடியில் குழந்தை. எல்லார் கவனமும் அக்குழந்தைமீது. பந்தயமோ தொலைவில் எறும்பு ஊர்வதுபோல் நடந்துகொண்டிருக்கிறது. பந்தயத்துக்குச் சென்றவர்களையே பந்தயத்தைப் பாராதவர்களாகக் காட்டிய துணிவு நோக்கத்தக்கது. 1874-இல் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்டுக் கண்காட்சியில் இதனை டெகா காட்சிக்கு வைத்தார். அக்குழுவின் எட்டுக் கண்காட்சிகளில் 1882-இல் நடந்தது நீங்கலாக ஏழில் அவர் பங்கு கொண்டார். எனினும், திறந்தவெளியில் நின்று வரைவதில் அவருக்கு நம்பிக்கையில்லை. கண்டதை நினைவில் ஊறவிட்டு, அறைக்குள் அமர்ந்து வரைவதே அவர் முறை.

இடையில் 1872-73-இல் நியூ ஆர்லியன்ஸ் சென்று, தாய்மாமனின் பருத்திக் கடையை ஓவியமாக்கினார். அதில் ஒருவர் பஞ்சைப் பிய்த்துப் பார்க்கிறார்; ஒருவர் செய்தித்தாளில் ஆழ்ந்திருக்கிறார்; ஓரத்தில் ஒருவர் கணக்கேட்டின்மேல் குனிந்து நிற்கிறார். அலுவலக வாழ்க்கையை இவ்வளவு மெய்யாகக் காட்டிய படம் நான் வேறு கண்டதில்லை. 1878-இல் போ நகர அருங்காட்சியகம் அதனை வாங்கியது. அருங்காட்சியகம் ஒன்று விலைகொடுத்து வாங்கிய அவருடைய முதல் ஓவியம் அதுவே.

1874-இல் தந்தை இறந்தார். வங்கி கடனில் மூழ்கியிருந்தது. குடும்ப மானத்தைக் காக்கத் தம் உடைமைகளை விற்றார் டெகா. அதுவரை விருப்பத்துக்கு வரைந்தவர், அதன்பின் விற்பனைக்கும் வரைய வேண்டியவரானார். நாற்பது வயதில் நேர்ந்த இம்மாற்றமும் பாஸ்டல்மீது அவர் கொண்ட நாட்டமும் அடுத்தடுத்து வந்தவை.

வண்ணக்கட்டியின் இயல்பு

பாஸ்டல் என்பது வண்ணப்பொடியைச் சுண்ணத்தோடும் சிறிதளவு பிசினோடும் பிசைந்து, குச்சியாக உருட்டி உலர்த்தியது. நம் பள்ளிக்கூடத்துச் சாக்கட்டிக்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். எண்ணெயில்லை; எனவே உலரக் காத்திருக்க வேண்டியதில்லை, நாளடைவில் மஞ்சள் பூப்பதுமில்லை. ஆனால், பொடி தாளின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிற்பதே தவிர, ஊறிப் பிடிப்பதன்று. அதிர்ந்தால் உதிரும், தொட்டால் கலையும். அருங்காட்சியகங்கள் பாஸ்டல் ஓவியங்களை வெளியூருக்கு அனுப்பத் தயங்குவதன் காரணம் இதுவே.

பதினெட்டாம் நூற்றாண்டில் ரொசால்பா கரியேரா, மொரீஸ் கேன்டன் த லா தூர் போன்றோர் பாஸ்டலால் உருவப்படங்கள் வரைந்து புகழ் பெற்றனர். பின்னர் அது பெருமக்களின் கன்னத்துக்குப் பூசும் மென்மையான சாதனம் என்ற பெயரெடுத்து மங்கிப் போயிற்று. அதனை மீட்டு உரமேற்றியவர் டெகா.

அவர் ஏன் பாஸ்டலை நாடினார்? மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது, விரைவு, விற்பதற்கு உரியவற்றை விரைந்து முடிக்கலாம். இரண்டாவது, கண். 1870-இல் போர்க்காலத்தில் தேசியக் காவற்படையில் சேர்ந்தபோது, வலக்கண்ணின் குறை துப்பாக்கிப் பயிற்சியில் வெளிப்பட்டது. அதுமுதல் பார்வை குன்றிக்கொண்டே வந்தது. நுண்ணிய தூரிகையைவிடக் கையில் நேரே பிடிக்கும் கட்டி அவருக்கு இணங்கியது. மூன்றாவதே முதன்மையானது என்பது என் கருத்து. எண்ணெய் வண்ணத்தில் முதலில் கோடு, பின்னர் நிறம். பாஸ்டலிலோ இழுக்கும் கோடே நிறம். கோட்டையும் விட மனமில்லாமல், நிறத்தையும் விட மனமில்லாமல் தவித்த ஒருவருக்கு இரண்டும் ஒன்றாகிய சாதனம் கிட்டியது.

அவர் கையாண்ட முறையும் புதிது. ஒரு வண்ண அடுக்கை இட்டு, அதன்மேல் பொடி உதிராமல் காக்கும் பசைநீரைத் தெளித்து, மீண்டும் ஓர் அடுக்கு. இவ்வாறு அடுக்கடுக்காக ஏற்றினார். அந்தப் பசைநீரின் பக்குவத்தை லூயிஜி கியாலிவா என்னும் இத்தாலிய நண்பர் அவருக்கு உதவினார். சில சமயம் பொடியை நீரில் குழைத்துத் தூரிகையாலும் பூசினார். படியெடுக்கும் மெல்லிய தாளில் வரைந்து, ஒரு குதிரையை ஒரு படத்திலிருந்து எடுத்து மற்றொன்றில் திசை திருப்பி நிறுத்தினார். ஒரே பொருளைப் பத்து முறை, நூறு முறை செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. இதனைச் சரக்குப் பற்றாக்குறை என்று சிலர் குறை கூறுவர். அக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. சில படங்களில் குதிரைகள் அட்டையில் வெட்டி ஒட்டியவைபோல் தோன்றவே செய்கின்றன. எனினும், சிறந்த படங்களில் அதே மறுபடைப்பு வேறொன்றாகிவிடுகிறது.

மூன்று படங்கள்

பர்மிங்ஹாம் பார்பர் கலைக்கூடத்தில் உள்ள ‘பந்தயத்துக்கு முன் ஜாக்கிகள்’ 1878-79 அளவில் தோன்றியது. எண்ணெய் வண்ணத்தோடு பாஸ்டலையும் கலந்து தாளில் வரைந்தது. படத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கம்பம் நிற்கிறது. அது குதிரையின் தலையை வெட்டிக்கொண்டு செல்கிறது! வேறெந்த ஓவியரும் கம்பத்தைச் சற்று நகர்த்தியிருப்பார். டெகா நகர்த்தவில்லை. கூட்டத்தில் நிற்பவன் கண்ணுக்கு உலகம் அப்படித்தானே தெரியும்? நல்ல இடத்துக்குச் சீட்டு வாங்கியவனின் பார்வையன்று இது. கம்பத்துக்குப் பின்னால் இடம் கிடைத்தவனின் பார்வை.

இரண்டாவது, கிளாஸ்கோ பரல் தொகுப்பில் உள்ள ‘மழையில் ஜாக்கிகள்’. 1880-களின் இடைப்பகுதியில் பாஸ்டலால் ஆனது. குதிரைகள் படத்தின் மேற்புறமும் வலப்புறமும் நெருங்கி நிற்க, இடப்புறக் கீழ்ப்பகுதி வெறும் புல்தரையாக விடப்பட்டிருக்கிறது. மழை சாய்ந்த மெல்லிய கோடுகளாக விழுகிறது. இந்த அமைப்பு ஜப்பானிய மரச்செதுக்குப் படங்களிலிருந்து டெகா கற்றது என்பர். கற்றது எங்கேயாயினும், பயன்படுத்தியது அவருக்கே உரியது. அந்த வெற்றுப் புல்தரைதான் படத்தின் உயிர். குதிரைகள் இனிமேல் பாயவேண்டிய இடம் அது, இன்னும் பாயவில்லை. நனைந்துகொண்டு நிற்கின்றன. ஓட்டத்தைக் காட்டாமலேயே அதன் சுமையை நம்மேல் ஏற்றிவிடுகிறார் ஓவியர்.

மூன்றாவது, மாட்ரிட் தைசென் அருங்காட்சியகத்தில் உள்ள ‘நிலக்காட்சியில் பந்தயக் குதிரைகள்’. டெகா தம் கையால் 1894 என்று ஆண்டு குறித்த படம். இதற்கு இரண்டாண்டு முன், 1892-இல், அச்செடுத்த வண்ணத்தின்மேல் பாஸ்டல் தீட்டிய நிலக்காட்சிகளைத் தனிக் கண்காட்சியாக வைத்திருந்தார். தனிக்காட்சியே விரும்பாத அவருக்கு அது மிக அரிதான நிகழ்ச்சி. அந்த நிலக்காட்சிகளின் மங்கிய மலைகளே இங்குக் குதிரைகளுக்குப் பின்னே எழுகின்றன. பந்தயத்திடல் இல்லை, பார்வையாளர் இல்லை, வெற்றிக் கம்பம் இல்லை. ஜாக்கிகளின் பட்டுச்சட்டைகள் மட்டும் தீப்பொறிகளாய்த் தெறிக்கின்றன. எங்கே போகின்றனர் என்று கேட்டால் விடையில்லை. ஒரு காலத்தில் நாகரிகச் செய்தியாக இருந்த பொருள், முப்பதாண்டு மறுபடைப்பில் கனவாகி விட்டது.

இங்கே மற்றொன்றையும் நோக்க வேண்டும். ஜாக்கி அணியும் சட்டையின் நிறம் அவனுடையதன்று, குதிரை உரிமையாளருடையது. தொடக்கப் படத்தில் சவாரி செய்தவர் கனவான்கள். பிற்காலப் படங்களில் கூலிக்குச் சவாரி செய்யும் ஜாக்கிகள். அவர்கள் முகங்கள் பெரும்பாலும் தெளிவாக இல்லை. உரிமையாளரோ படத்திலேயே இல்லை. இஸ்திரிப் பெண்களையும், ஒத்திகையில் களைத்த நடனப் பெண்களையும் வரைந்த அதே கண்தான் இங்கும் காண்கிறது. பிறருக்காக உடலை வருத்தும் உழைப்பாளிகளாகவே குதிரையையும் ஜாக்கியையும் அது காண்கிறது. மன்னனைச் சுமந்த குதிரையை மாதச் சம்பளக்காரனின் குதிரையாக்கியவர் டெகா என்று சொன்னால் மிகையாகாது.

புகைப்படமும் மெழுகும்

குதிரை பாயும்போது நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீண்டு விரியும் என்றே ஓவியர்கள் நம்பியிருந்தனர். ஜெரிக்கோ 1821-இல் வரைந்த ‘எப்சம் டெர்பி’ இதற்குத் தக்க சான்று. 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகப் புகைப்படக் கருவிகளை வைத்து எடுத்த படங்கள் இந்நம்பிக்கையைத் தகர்த்தன. நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மை; ஆனால், அவை வயிற்றின் கீழே மடங்கியிருக்கும் கணத்தில்தான். டெகா இப்படங்களைக் கூர்ந்து கற்றார். 1887-இல் வெளிவந்த மைபிரிட்ஜின் தொகுதியிலிருந்து படியெடுத்தும் வரைந்தார்.

இதை வைத்து, டெகாவின் குதிரைகளைப் புகைப்படத்தின் பிள்ளைகள் என்பாரும் உளர். எனக்கு உடன்பாடில்லை. புகைப்படம் காலின் நிலையைத் திருத்தும். தசையின் தயக்கத்தைச் சொல்லாது. அதற்காகவே அவர் மெழுகால் குதிரைகளை உருவாக்கிப் பார்த்தார். அவர் இறந்தபின் அறையில் ஏறத்தாழ 150 மெழுகு, களிமண் உருவங்கள் கிடைத்தன. பல உடைந்து கிடந்தன. வாழ்நாளில் அவர் காட்சிக்கு வைத்த சிற்பம் 1881-இல் வைத்த சிறு நடனப் பெண் ஒன்றே. மற்றவையெல்லாம் பிறருக்குக் காட்டச் செய்தவையல்ல. தம் விரல்களுக்கு உண்மையைக் கற்பிக்கச் செய்தவை. கண் கைவிடக் கைவிட, விரல் கண்ணாயிற்று.

ஒரு கறை

டெகாவைப் போற்றுவோர் பலர் விட்டுவிடும் ஒன்றை நாம் விடுதல் ஆகாது. 1894-இல் யூதரான டிரைஃபஸ் என்னும் படைத்தலைவர் பொய்க்குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை பெற்றார். 1906-இல்தான் அவர் குற்றமற்றவர் என்று முடிவாயிற்று. அந்த விவகாரத்தில் டெகா நீதியின் பக்கம் நிற்கவில்லை. யூத வெறுப்பின் பக்கம் நின்றார். பல்லாண்டு ஒன்றாக உணவருந்திய அலேவி குடும்பத்தாரோடு 1897-இல் உறவை அறுத்துக்கொண்டார். உடன் காட்சி வைத்த பிசாரோவையும் ஒதுக்கினார்.

இத்தகையவரின் படத்தை வியப்பது முறையா? குடியேறிய ஊரில் மொழியாலும் பெயராலும் ஒரு நாளேனும் அயலாராக நோக்கப்பட்ட நமக்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. கலைஞன் வேறு, கலை வேறு என்று சொல்லித் தப்புவது எளிது. எனக்கு அது போதவில்லை. பேச இயலாத ஒரு விலங்கின் களைப்பை இவ்வளவு நுட்பமாக உணர்ந்த கண், அடுத்த வீட்டு மனிதனின் மானத்தைக் காணத் தவறிற்று. நுட்பமான பார்வை ஒருவனைத் தானே நல்லவனாக்கிவிடாது என்பதே டெகாவின் வாழ்வு தரும் கசப்பான பாடம். படத்தை வியப்போம், வரைந்தவரை மன்னிக்கும் உரிமை நமக்கில்லை என்பதையும் நினைவில் வைப்போம்.

கோப்பை யாருக்கு?

1866-இல் அரசுக் கண்காட்சியில் டெகா வைத்த பெரிய படம், தடைதாண்டும் பந்தயத்தில் ஜாக்கி விழுந்து கிடப்பது. அன்று அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. அதனை அவர் இறுதிவரை தம்மிடமே வைத்து, மீண்டும் மீண்டும் திருத்தினார். முப்பதாண்டு கழித்து அதே பொருளை வேறு படமாகவும் வரைந்தார். இன்று பாசல் நகரில் உள்ள அப்படத்தில் கூட்டமில்லை, பிற குதிரைகளில்லை. மனிதன் தரையில் கிடக்கிறான். ஆளற்ற குதிரை அவனைத் தாண்டி ஓடுகிறது. வாழ்நாளெல்லாம் நிறுத்தி வைத்திருந்த குதிரையை அவர் ஓடவிட்டது வெற்றிக்காக அன்று.

1912-இல் இருபதாண்டுக்கு மேல் குடியிருந்த வீட்டை இடிப்பதற்காகக் காலி செய்யச் சொன்னார்கள். அதன்பின் அவர் ஏறக்குறைய எதையும் வரையவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நண்பர் ருவாரின் தொகுப்பு ஏலத்துக்கு வந்தது. டெகாவின் நடன ஓவியம் ஒன்று 435,000 பிராங்குக்குப் போயிற்று. உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவரின் படத்துக்கு அது பெருவிலை. வரைந்தவருக்கு அதில் ஒரு காசுமில்லை. என்ன நினைக்கிறீர் என்று கேட்டவர்க்கு, ஜாக்கிக்குக் கோப்பை கொடுக்கும்போது பந்தயத்தில் வென்ற குதிரை என்ன நினைக்குமோ அதைத்தான் என்ற பொருள்பட அவர் விடையளித்ததாகக் கூறுவர்.

இந்த விடை வெறும் நகைச்சுவையன்று. நாற்பதாண்டு வரைந்தவற்றுக்கு அவரே எழுதிய உரை அது. குதிரையை வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர் அல்லர் அவர். சேணத்தின் கீழிருந்து உலகத்தைப் பார்த்தவர். அதனால்தான் அவர் படங்களில் வெற்றிக் கம்பம் இல்லை, கோப்பை இல்லை. மழையும் புல்தரையும் காத்திருத்தலுமே உண்டு.

அடுத்த முறை நம் தெருவில் ஊர்வலம் புறப்படுமுன் அந்த வாடகைக் குதிரையைக் கண்டால், மாப்பிள்ளை வரும் திசையிலேயே பார்வையைப் பதிக்காமல் குதிரையைச் சற்று நோக்குங்கள். சரிகைப் போர்வையின் கீழ் அது மெல்லக் கால் மாற்றுவதைக் காண்பீர்கள். டெகா வரைந்தது அதைத்தான்.